கை நனைக்காமல் வர வேண்டும்

என் மனைவி என்னை அச்சரப்பாக்கத்துக்கு அனுப்பியபோது இரண்டு கட்டளைகள் போட்டாள். எதற்காக வந்திருக்கிறேன் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. அந்த வீட்டில் கை நனைத்துவிடக் கூடாது. முதல் கட்டளை நான் பஸ்ஸை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே காற்றில் பறந்துவிட்டது. அது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் மதியம் வரை தெரியவில்லை.

இரண்டாவது கட்டளையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும் வீட்டில் காப்பி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், தட்டிலிருக்கிற முறுக்கையெல்லாம் காலி பண்ணலாம். இலை போட்டுச் சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் ஜாதகம் பொருந்தவில்லை, பையனின் மூக்கு சரியில்லை என்று ஒன்றும் பேச முடியாது. என் மனைவி வீட்டில் ஒருவர் பசி தாங்காமல் ஒரு கரண்டி சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறார்.

விஷயம் இதுதான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், கூட வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அச்சரப்பாக்கத்துப் பையன். விவசாயக் குடும்பம். வாசலில் வேப்பமரம் உள்ள வீடு. நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, வேலை கிடைத்துக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்து, இந்தக் கடற்காற்றிலேயே தலைநரைத்தவன். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு நாற்றைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் விவசாயம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் காவிரியே என் வீட்டுக் குழாயில் வருகிற மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடும்.

“அங்க ஆறே கிடையாதேம்மா. ஆறில்லாத ஊர்ல என்ன விவசாயம், என்ன குடும்பம்?” என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. “நீங்களே போய்ப் பாருங்கப்பா. ஊரும் வீடும் சரியில்லைன்னு உங்களுக்கு மனசாரத் தோணுச்சுன்னா நான் இந்தப் பேச்சை விட்டுடறேன். ஆனா பாக்காமலே வேண்டாம்னு சொல்லாதீங்க. நீங்க வரப் போறதை அவர்கிட்டகூட சொல்ல மாட்டேன்” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பேன். இப்படி ஒரு வார்த்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள், முகத்தில் காட்டவும் மாட்டாள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

விசாரிக்கிற வேலை எனக்குப் புதிதல்ல. எங்கள் டவுன்ஷிப்பில் கல்யாண வயதுப் பிள்ளைகள் உள்ள வீடு எதுவானாலும், யாராவது ஒரு புது மனிதர் வந்து கீழ்வீட்டில் தண்ணீர் கேட்பார், வாடகைக்கு வீடு உண்டா என்பார். நாங்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். ஆகவே நான் அந்தத் தப்பைச் செய்யப் போவதில்லை. ஊர் வரலாறு எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தேன். தோளில் ஜோல்னாப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

தை பிறந்து பொங்கல் முடிந்திருந்த நேரம். செங்கல்பட்டு வந்து பஸ் மாறி, மதுராந்தகம் தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் அச்சரப்பாக்கத்தில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு அருகிலேயே ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு என் வயதிருக்கும், கழுத்தில் துண்டு.

“இன்னா சார், எந்தப் பக்கம்?”

“சென்னைலேர்ந்து வரேன். இந்த ஊர் வரலாறு எழுதலாம்னு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைக்கு ஒரு பார்வை, பேனாக்களுக்கு ஒரு பார்வை. பிறகு பழைய டீத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டார். ஊர் வரலாற்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமையாகிவிட்டது.

“சரியான ஆளாண்டதான் வந்துகீறீங்க. கோயிலு பாத்தீங்களா? சிவபெருமான் முப்புரத்த எரிக்கப் போறாரு. தேரு எடுத்துகினு வராரு. புள்ளையார கும்புடாம வந்துட்டாரு. இங்க வந்ததும் தேரு அச்சு முறிஞ்சிபூட்ச்சி. ஊரு பேரே அதுல வந்ததுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, புள்ளையார கும்பிட்டுட்டுப் போனாரு. சாமி தேருக்கே அந்த கதின்னா நம்ம மாட்டுவண்டி எம்மாத்திரம்? அந்தக் காலத்துல நெல்லு ஏத்திகினு ஸ்டேஷனுக்குப் போறப்ப அடிக்கடி அச்சு முறியும். ஒரே பேஜாரு. அப்ப எல்லாம் வேப்பமரத்து வூட்டுலதான் உபரியா ஒரு அச்சு வெச்சிருப்பாங்க. எவன் போய்க் கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க.”

டீ எனக்குப் புரையேறியது. நான் கேட்கவே இல்லை, தானாக வந்து விழுகிறது! “வேப்பமரத்து வீடா?” என்று குரலை மிகச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அத்த வுடுங்க சார், உங்களுக்கு வரலாறுதான வேணும்” என்றார் அவர், என்னைவிடச் சாதாரணமாக.

பிறகு எதிரே நின்ற ஒரு ஆட்டோக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஏதோ பேசினார். வாடகை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்த ஆட்டோக்காரர் பின்சீட்டைத் துடைத்து, முன்னால் தொங்கிய சாமந்தி மாலையைக்கூட நேராக்கினார். நாற்பது வயதுக்குள் இருக்கும், நல்ல மீசை, வாய் ஓயாத ஆள்.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் காட்டினார். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய சின்ன ரோடாக அது இருந்ததையும், இருபக்கமும் புளியமரம் நின்றதையும், அகலப்படுத்தியபோது கடைகளெல்லாம் இடிபட்டதையும் சொன்னார். அப்போது இடமில்லாமல் நின்ற கடைக்காரர்களுக்குக் கொட்டகை போட இடம் கொடுத்தது யார் தெரியுமா? வேப்பமரத்து வூட்டுக்காரர்கள்.

“அப்படியா” என்றேன். மனதுக்குள் மகளுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

அடுத்து ஏரிக்கரை. மேலே ஏறி நின்றேன். தண்ணீர் கண்ணுக்கெட்டிய வரை கிடந்தது. ஓரத்தில் கொக்குகள், நடுவில் ஒருவர் பரிசல் மாதிரி எதையோ தள்ளிக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கழனி, விளைந்து சாய்ந்த நெல். ஆறில்லாத ஊர் என்று சொன்ன வாயை யாரும் பார்க்காமல் மூடிக்கொண்டேன்.

“இது நெறஞ்சா அதோ அந்தக் கலங்கல்ல வழியும் சார்” என்று கரையின் கோடியில் தாழ்வாகக் கட்டியிருந்த கல்வரிசையைக் காட்டினார். “வழிஞ்ச தண்ணி அடுத்த ஏரிக்குப் போவும். அது நெறஞ்சா அதுக்கு அடுத்தது. ஒரு ஏரி மிச்சம்தான் இன்னொரு ஏரிக்கு முதலு. இப்டியே போயி கடேசில உங்க கடலாண்ட போயி சேரும்.”

உங்க கடல் என்று அவர் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். ஏரியைப் பார்த்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எவனோ எங்கேயோ மதகைத் திறப்பதற்காக வானத்தையும் பேப்பரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே தனக்கு நிறைந்ததும் மிச்சத்தைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுகிற ஏற்பாடு. எனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

“ஒரு மழ வருசம் இந்தக் கர ஒடஞ்சிபூட்ச்சி சார். ராவோட ராவா தண்ணி ஊருக்குள்ள. கழனி எல்லாம் மண்ணு மூடிட்ச்சி. எந்த வூட்லயும் அடுப்பு எரியல. அப்ப ஊருக்கே சோறு போட்டது யாருன்றீங்க?”

“வேப்பமரத்து வீடு” என்றேன்.

“எப்டி சார் கரெக்டா சொல்றீங்க!” என்று அவர் வியந்தார். எனக்கும் அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது. தாளிப்பில் கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் அந்த வீடு எப்படி வந்து விழுகிறது? சிவன் தேருக்கும் அவர்கள்தான் அச்சு கொடுத்தார்களா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

பசி வேளை. நல்ல ஓட்டல் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓட்டலு எதுக்கு சார்? தெரிஞ்ச கழனி ஒன்னுல இன்னிக்குதான் அறுப்பு ஆரம்பம். மொத நாளு அறுப்புல அங்க யாரு வந்து நின்னாலும் சோறு உண்டு. பழக்கம். இதுவும் வரலாறுதான், எழுதிக்கோங்க.”

கழனியில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று, மெஷின் சத்தத்தையும் மீறி டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஓரமாய்ப் புங்கமரத்து நிழலில் நாலைந்து பேர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“வாங்கண்ணா. உக்காருங்க.”

யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு புது மனிதனிடம் அதைக் கேட்காத தமிழ்நாட்டு ஊர் உண்டா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் இலையில் சோறு விழுந்து, அதன்மேல் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு விழுந்து, ஓரத்தில் முருங்கைக்கீரை வந்தபிறகு யாருக்கு மூளை வேலை செய்யும்? பிசைந்து இரண்டு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கருவாடு பிரமாதம்மா.”

“உங்க பக்கத்துதுதான்ணா. கல்பாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா இங்க சந்தைக்குக் கொண்டாருவாங்க.”

நான் சென்னை என்றல்லவா சொல்லியிருந்தேன். மூன்றாவது கவளம் பாதி வழியில் நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கழனிக்கு அப்பால், ரோட்டோரம், ஒரு மாடிவீடு. அதன் வாசலில் குடை விரித்த மாதிரி ஒரு வேப்பமரம்.

ஆட்டோக்காரர் வாய்க்கால் தண்ணீரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படித் தெரியும்?” என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். “டீக்கடை அண்ணன்தான் கண்டுபுடிச்சிது. ஊருக்குப் புதுசா வந்து வரலாறு கேக்குறவங்க ரெண்டே பேருதான்ணா. ஒன்னு நெலம் வாங்குறவங்க. இல்லாட்டி பொண்ணு குடுக்குறவங்க. நெலம் வாங்குறவங்க காருல வருவாங்க. எம்புள்ளைக்குக் கல்பாக்கத்துப் பொண்ணு மேல விருப்பம்னு ஊருக்கே தெரியும். நீங்க வந்தது எம்புள்ளைக்கே தெரியாது. ஒங்க பொண்ணு அவனாண்ட ஒரு வார்த்த சொல்லல போல.”

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை குழம்பு.

அவர் என் முகத்தைப் புரிந்துகொண்டார். எதிரே மண்ணில் உட்கார்ந்தார். “பயப்படாதீங்கண்ணா. உங்களைக் கூட்டாந்து மாட்டி வுடணும்னு நெனைக்கல. கடையிலேர்ந்து போன் பண்ணப்பவே இந்த ஆட்டோக்காரனாண்ட வேணான்னுதான் சொன்னேன், கேக்கல. ஆனா மொத நாளு அறுப்புல கழனிக்கு வந்தவங்கள பசியோட அனுப்ப மாட்டேன், அது யாரா இருந்தாலும். இது வூடு இல்ல, கழனி. கழனில சாப்ட்டா கை நனைச்சதா ஆவாது. சாப்ட்டுட்டு எழுந்து போங்க. நாளைக்கு வேணாம்னு சொன்னாலும் நாங்க ஒன்னும் நெனச்சிக்க மாட்டோம்.”

நான் எதிர்பார்த்தது இதை அல்ல. என் பக்கத்து வழக்கம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது, அதிலிருந்து வெளியே போக எனக்கு ஒரு கதவையும் அவரே திறந்து வைத்தார். “ரொம்பப் பெரிய குடும்பம்னு ஊரே சொல்லுதும்மா. வண்டிக்கு அச்சு, கடைக்கு இடம், ஊருக்குச் சோறு…” என்று இழுத்தேன்.

“அய்ய, அதெல்லாம் சொன்னாங்களா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் இன்னும் நாலடி தள்ளிப் போனார். “எங்க மாமனாராண்ட வண்டியே கெடையாது, அச்சு எங்கேர்ந்து வரும்? ரோட்டுக்கு எங்க எடமும்தான் போச்சி. நாங்களே கொட்டகைக்கு எடம் தேடிகினு கெடந்தோம்.”

“அப்ப ஏரி உடைஞ்சது?”

“அது நெசம்.” அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “எங்க கழனிலதான் மண்ணு ரொம்ப மூடிட்ச்சி. வூட்டுல ஒரு புடி அரிசி இல்ல. அவன் அப்ப என் வயித்துல. நாங்க சோறு போடலண்ணா. எங்களுக்குத்தான் ஊரு சோறு போட்ச்சி. அந்த டீக்கடை அண்ணன் வூட்டுல ஒரு வேள, எதுத்த தெருவுல ஒரு வேள. மாசக்கணக்கா அப்டிதான் சாப்ட்டேன். புள்ளத்தாச்சின்னு மீனு இருந்தா மொதல்ல எனக்குத்தான் குடுப்பாங்க. எங்க கழனி திரும்ப விளைஞ்சதுலேர்ந்து, மொத நாளு அறுப்புக்கு யாரு வந்தாலும் சோறு.”

“அப்ப ஏன் மாத்திச் சொல்றாங்க?”

“நல்ல காரியம்னு யாராவது எங்கள பத்தி விசாரிச்சா அப்டிதான் திருப்பிச் சொல்லுவாங்க. எங்களுக்கு ஒரு கொறச்சல் வந்துரக் கூடாதாம். நானும் எவ்ளோ தபா சொல்லிட்டேன், கேக்க மாட்டேன்றாங்க.” பிறகு விரலை மடக்கிக்கொண்டு, “கொற இன்னா இல்லியா? நான் சத்தமா பேசுவேன். எம்புள்ள லீவு நாள்ல மதியம் வரிக்கும் தூங்குவான். எங்க வூட்டுக்காரரு நெல்லு எடுத்துகினு மதுராந்தகம் போனா பேச்சு சுவாரசியத்துல திரும்பி வர மறந்துடுவாரு, இன்னிக்கும் அங்கதான் கீறாரு. இதெல்லாம் எவனும் சொல்லியிருக்க மாட்டானே?”

ஒருவனும் சொல்லவில்லை. நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. ஆட்டோக்காரரும் தூரத்திலிருந்து சேர்ந்துகொண்டார்.

காலையிலிருந்து எத்தனை கதை கேட்டிருந்தேன். எல்லாம் உண்மை, ஒரு வீட்டை மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். கஷ்டப்பட்ட ஒரு வீட்டின் பிள்ளைக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்று, புதிதாக டீத்தூள் போட்டு, மாலையை நேராக்கி, வெட்கமே இல்லாமல் பொய் சொல்கிற ஊர். கொடுத்தவர்கள் கொடுத்ததை மறைக்கிறார்கள், வாங்கியவர் வாங்கியதைச் சொல்லிவிடுகிறார். என் மகள் வாழப்போகிற இடத்தைப் பற்றி இதைவிட நான் என்ன விசாரித்துவிட முடியும்? மனசார என்று அவள் சொல்லியிருந்தாள். மனசாரத்தான் தோன்றியது.

குழம்புச் சோற்றை முடித்தேன். அந்த அம்மா மோர்ச் சோறு போட வந்தார். இலையின் மேல் இடது கையை நீட்டித் தடுத்தேன்.

“வேணாம்மா. இது கழனிதானே?”

அவர் முகம் ஒரு கணம் வாடியது. நன்றாகத் தெரிந்தது. “ஆமாண்ணா. கழனிதான்.”

“மோர்ச் சோறை வீட்டுல வந்து சாப்பிடறேன்.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு “இன்னாடா பாத்துகினு நிக்கிற, வண்டிய எடு!” என்று ஆட்டோக்காரரை அதட்டிய அதட்டலில் அறுப்பு மெஷினே நின்றுவிட்டது. சாப்பாட்டின் பாதியில் கை கழுவ எனக்கு மனமில்லை. குழம்புக் கையை ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் தடுமாறி நடந்து, ஆட்டோவில் ஏறி, அச்சரப்பாக்கத்து ரோட்டில் நான் ஊர்வலம் போனேன். டீக்கடைக்காரர் எங்கிருந்தோ சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

வேப்பமரத்து வீட்டில் புது இலை போட்டார்கள். மோர் ஊற்றிப் பிசையும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. என் கை சோற்றில் இருந்ததால் ஆட்டோக்காரரே எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி, என் காதருகே பிடித்தார்.

“என்னங்க, விசாரிச்சாச்சா?” என் மனைவியின் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. “யாருக்கும் தெரியலையே?”

ஆட்டோக்காரர் விட்டத்தைப் பார்த்தார். வாசலில் டீக்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன். அந்த ஊரில் அரைநாள் இருந்ததில் எனக்கும் பழகிவிட்டது.

“குடும்பம் எப்படியாம்?”

மோர்ப் பாத்திரத்தோடு அந்த அம்மா என் எதிரே நின்றிருந்தார்.

“ஏரி உடைஞ்ச வருஷம் ஊருக்கே சோறு போட்ட வீடாம்” என்றேன்.

அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். “ஊறுகா எடுத்தாறேன்” என்று முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனபடியே உள்ளே போய்விட்டார்.

“நல்ல மனுஷங்கதான் போலிருக்கு” என்றாள் மனைவி. “சரி, நீங்க எங்கயாவது சாப்பிட்டீங்களா? அங்க கை கிய் நனைச்சுடலையே?”

போனுக்குள் இன்னொரு மூச்சுச் சத்தமும் கேட்டது. மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

“நனைச்சுட்டேன்” என்றேன். “இப்ப மோர்ச் சோறு.”